திரை தந்த ஆசிரியர் பிரவுன்



மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். எடிசனையும் சர் சி.வி. ராமனையும் அப்துல் கலாமையும் நண்பர்கள் முன்பே எடுத்துக் கொண்டு விட்டார்கள். மிச்சம் யார் இருக்கிறார் என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. சென்ற செமஸ்டரில் என்னை ஒரு பெரிய சங்கடத்திலிருந்து காப்பாற்றிய ஒருவர் இருக்கிறார். அவர் இறந்து நூறாண்டுகளுக்கு மேல் ஆகிறது. பெயர் கார்ல் பெர்டினாண்ட் பிரவுன். 1909-ல் நோபல் பரிசு பெற்றவர். நம் லேபில் தினமும் அவர் செய்த பொருளைத்தான் தொடுகிறோம். ஆனால் பாடத்தில் அந்தப் பொருளின் படம் இருக்கும், பாகங்களின் பெயர் இருக்கும், அதைச் செய்தவர் பெயரை மட்டும் அவசரத்தில் தாண்டிப் போய் விடுவோம். நானும் அப்படித்தான் தாண்டிப் போனவன்.

முதலில் அந்தச் சங்கடத்தைச் சொல்லி விடுகிறேன்.

டிஸ்பிளே இல்லை!

எங்கள் லேபில் மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் மெஷினைக் கடைசியாக ஆஃப் செய்தவன் நான். திங்கட்கிழமை வந்து ஆன் செய்தால், உள்ளே ஃபேன் சுற்றுகிறது, முன்னால் விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றும் இல்லை. ஒரு பீப் சத்தம் கூட இல்லை. வெறும் கறுப்பு.

கடைசியாகக் கை வைத்தவன் யார் என்ற கேள்வி வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லவும் தைரியம் வரவில்லை. கல்லூரிக்கு வரும்வரை கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லாதவன் நான். ஏதாவது தப்பாக அழுத்தியிருப்பேனோ என்று எனக்கே சந்தேகம். வீட்டில் போய்ச் சொன்னால் எவ்வளவு பணம் கட்டணும் என்றுதான் கேட்பார்கள். என்ன கெட்டுப் போச்சு என்று கேட்க அங்கே யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்தவன் நான் ஒருத்தன்தான். அந்தக் கேள்வியை அவர்களைக் கேட்க வைக்கக் கூடாது என்று அன்று சாப்பிடாமல் லேபிலேயே இருந்தேன்.

நண்பர்களும் உதவினார்கள். பக்கத்து மெஷினின் மானிட்டரை மாற்றிப் பார்த்தோம், அது நல்லாத்தான் இருந்தது. ராம் கழற்றி, அதன் தங்க நிறக் காண்டாக்டுகளை ரப்பரால் தேய்த்து மறுபடி மாட்டினோம். சி.மாஸ் பேட்டரியைக் கழற்றி வைத்துப் பார்த்தோம். இருபது தடவை ஆன் செய்தால் ஒரு தடவை படம் வரும், அடுத்த நிமிஷம் உறைந்து நின்று விடும். கடைசியில் மல்டிமீட்டர் வைத்து எஸ்.எம்.பி.எஸ். வோல்டேஜைப் பார்த்தோம். மஞ்சள் கம்பியில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3. எல்லாம் சரி! சப்ளை சரியென்றால் மதர்போர்டு போயிருக்கும் என்று தீர்ப்பு சொல்லி விட்டார்கள். மதர்போர்டு என்றால் பெரிய செலவு. இல்லாவிட்டால் மெஷினையே கண்டம் செய்து மூலையில் போட்டு விடுவார்கள்.

இந்த இடத்தில் மெஷினை விட்டுவிட்டு நம் கதாநாயகரைப் பார்ப்போம். அவர் வந்தபிறகுதான் இந்தக் கதை நகரும்.

நீதிமன்ற ஊழியர் மகன்

ஜெர்மனியின் ஃபுல்டா என்ற ஊரில் 1850-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் தேதி பிரவுன் பிறந்தார். அப்பா நீதிமன்றத்தில் வேலை பார்த்த அரசு ஊழியர். பிரவுன் உள்ளூரில் பள்ளிப் படிப்பை முடித்து, மார்பர்க் பல்கலைக்கழகத்திலும் பிறகு பெர்லினிலும் பயின்றார். 1872-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆராய்ந்த விஷயம், அதிரும் கம்பிகள். அதன்பின் வூர்ஸ்பர்க் நகரில் குவின்கே என்ற பேராசிரியரிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

டாக்டர் பட்டம் வாங்கியாச்சு, இனிமேல் ராஜ வாழ்க்கை என்று நாம் நினைப்போம். அப்படியில்லை. அவர் பள்ளி ஆசிரியர் தேர்வும் எழுதித் தேறி, 1874-ல் லைப்சிக் நகரில் தோமாஸ் பள்ளி என்ற புகழ்பெற்ற பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்தார். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம், மீதி நேரத்தில் சோதனை. அந்த 1874-ஆம் ஆண்டிலேயே அவர் வெளியிட்ட கட்டுரைதான் நம் எலெக்ட்ரானிக்ஸ் துறைக்கே விதை.

ஓம் விதிக்கு அடங்காத கல்

ஓம் விதி நமக்கெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. வோல்டேஜை இரண்டு மடங்காக்கினால் கரண்டும் இரண்டு மடங்காகும். கம்பியைத் திருப்பிப் போட்டாலும் அதே கரண்டுதான். உலோகங்களில் இது பிசகாமல் நடக்கும்.

பிரவுன் உலோகத்தை விட்டு, கலீனா என்ற காரீய சல்பைடு, பைரைட் என்ற இரும்பு சல்பைடு போன்ற கனிமக் கற்களை எடுத்தார். கல்லின் ஒரு பக்கத்தில் அகலமாக ஒரு தொடர்பு, மறுபக்கத்தில் கூரான கம்பி முனை ஒன்றை அழுத்தி வைத்து கரண்டைச் செலுத்தினார். ஒரு திசையில் செலுத்தும்போது கரண்டு தாராளமாகப் போனது. திசையை மாற்றினால் குறைந்து போனது. வோல்டேஜைக் கூட்டிக் குறைத்தாலும் ஓம் விதி சொன்ன கணக்கு வரவில்லை.

ஒரு வழிப் பாதை! இன்றைக்கு இதற்குப் பெயர் டையோடு, ரெக்டிஃபையர். அன்றைக்கு இதற்குப் பெயரே கிடையாது. எலெக்ட்ரான் என்ற ஒன்று இருக்கிறது என்பதே அன்று யாருக்கும் தெரியாது. 24 வயது பள்ளி ஆசிரியர் ஒருவர் ஓம் விதிக்குப் பொருந்தாத ரீடிங் எடுத்திருக்கிறார் என்றால் யார் நம்புவார்கள்? பலர் சந்தேகப்பட்டார்கள். காண்டாக்ட் சரியில்லாமல் வந்த கோளாறு என்று தள்ளி விடுவது எளிது. கம்பி முனையை வைக்கும் இடம் கொஞ்சம் மாறினாலும் விளைவு மாறும் என்பதால், திரும்பச் செய்து காட்டுவதும் சுலபமில்லை. பிரவுனாலும் காரணம் சொல்ல முடியவில்லை. ஆனாலும் எடுத்த ரீடிங்கை எடுத்தபடி எழுதி வெளியிட்டார். காரணத்தை ஷாட்கி என்ற விஞ்ஞானி சரியான கோட்பாடாக விளக்கியபோது ஆண்டு 1938. பிரவுன் எழுதி 64 வருஷம் ஆகியிருந்தது!

தோழர்களே, இந்த இடத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் என்று சொல்கிறேன். முதல் தடவை டையோடு கேரக்டரிஸ்டிக்ஸ் எக்ஸ்பெரிமெண்ட் செய்தபோது எனக்குக் கோடு சரியாக வரவில்லை. ஒரு கனெக்ஷன் லூஸாக இருந்திருக்கலாம், வேறு எதுவாகவும் இருந்திருக்கலாம். நான் அதைத் தேடவில்லை. சீனியர் அண்ணன் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து ரீடிங்கை அப்படியே எழுதி, அழகான வளைகோடு போட்டு, நல்ல மார்க்கும் வாங்கினேன். எழுதின எண்களில் ஒன்று கூட என் மீட்டர் காட்டியது இல்லை. எந்த டையோடுக்காக நான் பொய் எழுதினேனோ, அது உண்மையை எழுதிய ஒருவரால் வந்தது.

மாணவர்களை வளர்த்தவர்

1876-ல் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி வந்தது. 1880-ல் ஸ்ட்ராஸ்பர்க், 1883-ல் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரி, 1885-ல் டூபிங்கன் என்று ஊர் ஊராக மாறினார். டூபிங்கனில் புதிய இயற்பியல் கூடத்தைக் கட்டி எழுப்பும் வேலை அவருடையது. கார்ல்ஸ்ரூவில் அவர் விட்டுப்போன இடத்துக்கு வந்தவர் யார் தெரியுமா? ஹென்ரிச் ஹெர்ட்ஸ்! மின்காந்த அலைகள் இருப்பதை ஹெர்ட்ஸ் அந்தக் கல்லூரியில்தான் நிரூபித்தார். அலைவெண்ணுக்கு ஹெர்ட்ஸ் என்று நாம் எழுதுவது அவர் பெயரைத்தான்.

1895-ல் பிரவுன் மறுபடி ஸ்ட்ராஸ்பர்க் வந்தார், இந்தமுறை இயற்பியல் நிலையத்தின் இயக்குநராக. அந்த நகரம் அப்போது ஜெர்மனியின் கையில் இருந்தது. அவருடைய பெரிய சாதனைகள் இரண்டும் அங்கேதான் நடந்தன.

கண்ணுக்குத் தெரிந்த கரண்டு

1890-களில் மாறுதிசை மின்சாரம் ஊர்களுக்குள் நுழைந்து கொண்டிருந்தது. அன்றைய மீட்டர்களில் முள்ளும் சுருளும் இருக்கும். அவற்றுக்கு எடை உண்டு. ஒரு வினாடியில் பல பத்து முறை திசை மாறும் கரண்டுடன் சேர்ந்து ஓட அந்த முள்ளால் முடியாது. அதனால் மீட்டர் மொத்தக் கணக்கு ஒன்றைத்தான் சொல்லும். நடுவில் கரண்டு எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்ற உருவம் தெரியாது. பிரவுனுக்கு அந்த உருவம் வேண்டியிருந்தது. எடையே இல்லாத முள் ஒன்று கிடைத்தால்?

கேத்தோடு கதிர் என்ற ஒன்று அப்போது ஆய்வுக்கூடங்களில் பிரபலம். காற்றை நீக்கிய கண்ணாடிக் குழாயில் உயர் வோல்டேஜ் கொடுத்தால் எதிர்முனையிலிருந்து ஏதோ புறப்பட்டு நேர்கோட்டில் போகும், பட்ட இடம் ஒளிரும், காந்தம் காட்டினால் வளையும். அது அலையா, துகளா என்று பெரியவர்கள் சண்டை போட்டுக் கொண்டிருந்தார்கள். பிரவுன் அந்தச் சண்டை முடியும்வரை காத்திருக்கவில்லை. கதிர் காந்தத்துக்கு வளைகிறது, அவ்வளவு போதும் என்று அதையே முள்ளாக்கினார்.

குழாயின் உள்ளே சிறு துளையுள்ள ஒரு தடுப்பை வைத்தார். அதன் வழியாக மெல்லிய கதிர் மட்டும் வெளியே வந்தது. எதிரே ஒளிரும் பொருள் பூசிய மைக்காத் தகடு, அதில் ஒரு புள்ளி. குழாயின் கழுத்துக்கு அருகே ஒரு சுருள். சுருளில் மாறுதிசைக் கரண்டு போனதும் புள்ளி மேலும் கீழும் ஆடி ஒரு கோடானது. அந்தக் கோட்டைச் சுழலும் கண்ணாடியில் பார்த்தால் அலை விரிந்து தெரிந்தது. 1897 பிப்ரவரியில் இந்தக் குழாயைப் பற்றிய கட்டுரை வெளியானது. அந்தக் கதிர் எலெக்ட்ரான் என்ற துகள்தான் என்று பின்னால் நிலைபெற்ற கருத்தை ஜே.ஜே. தாம்சன் லண்டனில் அறிவித்தது அதே ஆண்டு ஏப்ரல் 30-ல். கருவி முதலில் வந்தது, விளக்கம் பிறகு வந்தது!

1899-ல் பிரவுனின் உதவியாளர் யோனாத்தான் சென்னெக், சுழலும் கண்ணாடிக்குப் பதிலாகக் கதிரையே பக்கவாட்டிலும் நகர்த்தும் ஏற்பாட்டைச் சேர்த்தார். நாம் சி.ஆர்.ஓ.-வில் திருகுகிற டைம் பேஸ் என்ற குமிழின் முன்னோர் அதுதான்.

இந்தக் குழாய்க்குப் பிரவுன் காப்புரிமை வாங்கவில்லை. செய்முறையை வெளிப்படையாக எழுதி வைத்தார், யார் வேண்டுமானாலும் செய்து கொள்ளலாம் என்று. இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மீட்டர் சொல்லாததைக் குழாய் சொன்னது

இப்போது நம் மெஷினுக்கு வருவோம். மதியம் லேபுக்கு வந்த இன்ஸ்ட்ரக்டர் சார் நாங்கள் எழுதி வைத்த வோல்டேஜைப் பார்த்தார். திட்டவில்லை. அலமாரி மேலிருந்த பழைய சி.ஆர்.ஓ.-வை எடுத்து வரச் சொன்னார். பச்சைக் கோடு காட்டும் பழைய வகை, உள்ளே இருப்பது பிரவுன் குழாயேதான்.

முதலில் பக்கத்து நல்ல மெஷினின் சிவப்புக் கம்பியில் புரோபை வைத்தார். ஏ.சி. கப்ளிங்கில் போட்டார், அதாவது 5 வோல்ட்டை மறைத்து அதன் மேலே ஆடுவதை மட்டும் பார்க்கிற மாதிரி. கோடு மெல்லிசாக, அமைதியாக இருந்தது. பிறகு எங்கள் மெஷினில் வைத்தார். கோடு சீப்புப் பல் மாதிரி எழுந்து நின்றது! அளந்தோம். 200 மில்லிவோல்ட்டுக்கும் மேல் ரிப்பிள். ஏ.டி.எக்ஸ். சப்ளையில் 5 வோல்ட் கம்பிக்கு உச்சிக்கு உச்சி 50 மில்லிவோல்ட்தான் அனுமதி.

மல்டிமீட்டர் பொய் சொல்லவில்லை. டி.சி. அளவில் அது சராசரியைத்தான் காட்டும். சராசரி 5 வோல்ட் என்பது உண்மைதான். ஆனால் மதர்போர்டு சராசரியில் வேலை செய்வதில்லை, ஒவ்வொரு நொடித்துணுக்கிலும் வேலை செய்கிறது. 1897-ல் பிரவுனுக்கு இருந்த அதே குறை அன்று எங்கள் மேஜையில் இருந்தது. அவர் கண்ட அதே வழி அன்று எங்களுக்கும் வழி காட்டியது.

நல்ல மெஷினின் எஸ்.எம்.பி.எஸ்.-ஐ மாற்றிப் பொருத்தினோம். டிஸ்பிளே வந்தது! என் வாழ்க்கையில் ஒரு விண்டோஸ் படத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது. பழைய எஸ்.எம்.பி.எஸ்.-ஐ சார் திறந்து காட்டினார். வெளியீட்டுப் பக்கம் மூன்று கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி நின்றன. வருஷக் கணக்கான சூட்டில் உள்ளே இருந்த எலெக்ட்ரோலைட் காய்ந்து போயிருந்தது. வெள்ளிக்கிழமை நான் ஆஃப் செய்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கெப்பாசிட்டர்களை மாற்ற நூறு ரூபாய் கூட ஆகவில்லை. நான் யாரிடமும் பணம் கேட்க வேண்டியதும் வரவில்லை.

அதே போர்டில் ஹீட் சிங்க்கில் திருகியிருந்த ஒரு பாகத்தைச் சார் காட்டினார். ஷாட்கி டையோடு. உலோகமும் குறைகடத்தியும் தொட்டுக் கொண்டால் கரண்டு ஒரு பக்கம்தான் போகும் என்ற தத்துவம். லைப்சிக் பள்ளி ஆசிரியர் கல்லின் மேல் கம்பியை அழுத்தியபோது கண்டது அதைத்தான். கோளாறைக் காட்டிய கருவியும் அவருடையது, கோளாறுக்குப் பக்கத்தில் இருந்த டையோடும் அவருடையது என்று அன்றுதான் தெரிந்து, அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

கம்பியில்லாத் தந்தி

பிரவுனுக்கு நோபல் பரிசு கிடைத்தது இந்தக் குழாய்க்கு அல்ல, டையோடுக்கும் அல்ல. கம்பியில்லாத் தந்திக்கு.

மார்க்கோனியின் ஆரம்பகால டிரான்ஸ்மிட்டரில் பொறி பறக்கும் இடைவெளி ஆன்டெனா சுற்றிலேயே இருந்தது. அதனால் சக்தியை ஓரளவுக்கு மேல் கூட்ட முடியவில்லை, சிக்னலும் சீக்கிரம் அடங்கிப் போகும். 1898-ல் இந்தத் துறையில் இறங்கிய பிரவுன், பொறியையும் கெப்பாசிட்டரையும் தனிச் சுற்றில் வைத்தார். அங்கிருந்து சுருள்கள் மூலம், டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி, ஆன்டெனாவுக்குச் சக்தியை மாற்றினார். இதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1900-ல் ஜெர்மனியின் குக்ஸ்ஹாஃபன் கரையிலிருந்து ஹெலிகோலாந்து தீவுக்கு, 62 கிலோமீட்டர் தூரம், கடல் தாண்டிச் செய்தி போனது. டியூன்டு சர்க்யூட், கப்ளிங் என்று நாம் கம்யூனிகேஷன் பாடத்தில் படிப்பதெல்லாம் இந்த வழியில் வந்ததுதான். 1903-ல் உருவான டெலிஃபுங்கன் கம்பெனியில் பிரவுனின் முறையும் சேர்ந்தது. 1909-ல் இயற்பியல் நோபல் பரிசை மார்க்கோனியும் பிரவுனும் பகிர்ந்து கொண்டார்கள்.

அவருடைய பழைய கல்லும் சும்மா கிடக்கவில்லை. ரேடியோ அலையைப் பிடிக்கிற கிரிஸ்டல் டிடெக்டராக அது மறுபிறவி எடுத்தது. நம் நாட்டின் ஜகதீஷ் சந்திர போஸ் கலீனாவை வைத்துச் செய்த டிடெக்டருக்கு 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது என்பது நமக்கெல்லாம் பெருமை.

புரூக்ளினில் ஒரு முடிவு

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. நியூயார்க் அருகே சேவில் என்ற இடத்தில் ஜெர்மானியர்கள் நடத்திய வயர்லெஸ் நிலையத்தின் மீது, காப்புரிமை விஷயமாக மார்க்கோனி கம்பெனி வழக்குத் தொடுத்தது. சாட்சி சொல்ல 64 வயது பிரவுன், உடல்நிலையும் சரியில்லாத நிலையில், அந்த ஆண்டின் இறுதியில் கடல் தாண்டி அமெரிக்கா போனார். சென்னெக்கும் கூடப் போனார். நோபல் மேடையில் பரிசைப் பகிர்ந்து கொண்ட இருவரில் ஒருவர், மற்றவரின் கம்பெனிக்கு எதிராகச் சாட்சிக் கூண்டுக்குப் போக வேண்டி வந்தது!

போன இடத்திலிருந்து திரும்ப முடியவில்லை. 1917 ஏப்ரலில் அமெரிக்காவும் ஜெர்மனிக்கு எதிராகப் போரில் இறங்கியது. பிரவுன் எதிரி நாட்டுக் குடிமகன் ஆகி விட்டார். புரூக்ளின் பகுதியில் நடமாட அனுமதி இருந்தது, ஊருக்குப் போகத்தான் வழியில்லை. ஆய்வுக்கூடமும் இல்லை, மாணவர்களும் இல்லை. 1918 ஏப்ரல் 20-ஆம் தேதி, 67-ஆம் வயதில், அங்கேயே காலமானார். போர் முடிய இன்னும் ஏழு மாதம்கூட இல்லை. போர் முடிந்ததும் அவர் உழைத்த ஸ்ட்ராஸ்பர்க் பிரான்சின் கைக்குப் போனது.

காப்புரிமை வாங்கிய கண்டுபிடிப்பு அவரை அந்நிய மண்ணில் கொண்டு போய் விட்டது. காப்புரிமை வாங்காமல் விட்ட குழாய் உலகம் முழுக்கப் போனது. இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்து விட்டது.

குழாயின் பயணம்

ரஷ்யாவில் போரிஸ் ரோசிங் 1907-லேயே பிரவுன் குழாயில் படம் காட்டும் திட்டத்துக்குக் காப்புரிமை கேட்டார். ஜப்பானில் கென்ஜிரோ தகயனாகி 1926 டிசம்பர் 25-ல் அந்தக் குழாயின் திரையில் ஓர் எழுத்தைத் தெரிய வைத்தார். அந்த ஜப்பானிய எழுத்தின் ஒலி நம் 'இ'-தான்! ஜப்பானியர்கள் அந்தப் பிக்சர் டியூபைப் பிரவுன் குழாய் என்றே சொல்வார்கள்.

இன்னொன்று கேளுங்கள். 1948 ஜூன் 21-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒரு கம்ப்யூட்டர், நினைவகத்தில் வைத்த புரோகிராமை முதன்முதலில் இயக்கியது. அதற்கு ராம் எது தெரியுமா? வில்லியம்ஸும் கில்பர்னும் பிரவுன் குழாயின் திரையில் புள்ளிகளாகத் தகவலைச் சேமித்தார்கள். 32 வரிசை, வரிசைக்கு 32 பிட், மொத்தம் 1024 பிட். நாம் ரப்பரால் தேய்த்து மாட்டுகிற ராமுக்கு அதுதான் கொள்ளுத்தாத்தா.

பெரிய பெட்டி மானிட்டர்கள் போய் எல்.சி.டி. தட்டைத் திரை வந்து விட்டது. ஆனால் தட்டைத் திரையின் ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் குறைகடத்தி டிரான்சிஸ்டர், பின்னால் எல்.இ.டி. விளக்கு. குழாய் போனாலும் கல் போகவில்லை!

உங்களுக்கு டிஸ்பிளே வராவிட்டால்

ஜூனியர்களுக்காக நான் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் மானிட்டரைச் சந்தேகப்படுங்கள். அதன் விளக்கு எரிகிறதா, கேபிள் இறுக்கமா, தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அதில்தான் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருட்டுத் திரையில் டார்ச் அடித்தால் மங்கலாகப் படம் தெரிகிறதென்றால், பின்விளக்குதான் கோளாறு.

2. ஃபேன் சுற்றுகிறதா, பீப் வருகிறதா என்று கவனியுங்கள். பீப் எண்ணிக்கைக்கு மதர்போர்டு புத்தகத்தில் அர்த்தம் இருக்கும்.

3. பவரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி விட்டு, ராமைச் சுத்தம் செய்து ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். 24 பின் கனெக்டர் மட்டுமல்ல, பிராசசருக்கான 4 அல்லது 8 பின் 12 வோல்ட் கனெக்டரும் பொருந்தியிருக்கிறதா பாருங்கள். அது கழன்றிருந்தால் ஃபேன் சுற்றும், படம் வராது.

4. ஹார்டு டிஸ்க், கார்டு எல்லாவற்றையும் கழற்றி, பிராசசர், ஒரு ராம், டிஸ்பிளே மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். சி.மாஸை ரீசெட் செய்யுங்கள்.

5. வோல்டேஜை மீட்டரில் பாருங்கள். சரியாக இருந்தாலும் சி.ஆர்.ஓ.-வில் ரிப்பிள் பாருங்கள், அல்லது நல்ல எஸ்.எம்.பி.எஸ். மாற்றிப் பாருங்கள். இதையெல்லாம் முடித்த பிறகு மதர்போர்டைக் குறை சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை நீங்களாகத் திறக்காதீர்கள். 230 வோல்ட் ஏ.சி.யை ரெக்டிஃபை செய்தால் சுமார் 325 வோல்ட் டி.சி. வரும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் அது கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும்.

முக்கியமாக, கடைசியாகக் கை வைத்தவன் யார் என்று தேடாதீர்கள். அளந்து பாருங்கள்.

முடிவாக

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் ஒரு வேலை செய்தேன். இன்ஸ்ட்ரக்டர் சாரிடம் போய், பழைய டையோடு எக்ஸ்பெரிமெண்ட் ரீடிங் என்னுடையது இல்லை என்று ஒப்புக் கொண்டேன். மார்க்கைக் குறைப்பார் என்று நினைத்தேன். அவர் டையோடைக் கையில் கொடுத்து மறுபடி செய்யச் சொன்னார். செய்தேன். கோடு புத்தகத்தில் இருப்பது மாதிரி அவ்வளவு அழகாக வரவில்லை. இரண்டு புள்ளிகள் கோட்டை விட்டு விலகியே நின்றன. அவற்றை அழிக்காமல் அப்படியே ரெக்கார்டில் ஒட்டியிருக்கிறேன்.

ஃபுல்டாவில் பிறந்து புரூக்ளினில் மறைந்த அந்த ஆசிரியர் நம் எல்லோருக்கும் ஒரு திரையைத் தந்து போயிருக்கிறார். அதில் என்ன தெரிகிறதோ அதை உள்ளபடி எழுதுவோம், தோழர்களே! காரணம் பிறகு வரட்டும்.

— இரண்டாமாண்டு மாணவன், மின்னணுவியல் துறை